டாக்டர் விலக்காத பழம்

இராஜபாளையம்
20.2.1998

தம்பி சாகுல் ஹமீதுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன். ஸலாமை மறுப்பது பாவம் என்பதால் எழுதியிருக்கிறேன்.

நீ கொடுத்த ஜீவபெர்ரிச் சாற்றைக் குடித்து உன் மச்சான் மௌத்தானார். மருந்து என்று சொன்னது நீ. நம்பியது அவர். ஊற்றிக் கொடுத்தது மனைவியான நான். மூன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீயும் மறைக்காமல் பதில் எழுது.

ஜனாஸா எடுத்த அன்று வீடு நிறைய ஆட்கள். உன்னைக் கேட்க முடியவில்லை. அதன்பிறகு நீ இந்தப் பக்கம் வரவே இல்லை. நான் இத்தாவில் இருக்கிறேன். நான்கு மாதம் பத்து நாள் முடிந்து ஜூன் பிறக்கும்வரை வாசலைத் தாண்ட மாட்டேன். ஆனால் கூடப்பிறந்தவன் உள்ளே வந்து பார்க்க யாரும் தடை சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் இங்கே இறங்கலாம். பக்கத்து வீட்டில் போன் இருக்கிறது. பேச்சுப் பிடிக்காவிட்டால் நீ போனை வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

மச்சானுக்குச் சர்க்கரையும், அதனால் கெட்டுப்போன சிறுநீரகமும் இருந்தது உனக்குத் தெரியும். டாக்டர் நோன்பு வைக்கக் கூடாது என்று சொல்லிச் சில வருடங்கள் ஆகின்றன. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. வைக்காத ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சோறு போட்டால் போதும். போட்டோம். ஆனால் அவருக்கு மனம் ஆறவில்லை. மில்லில் மேஸ்திரியாக அத்தனை பேரை வேலை வாங்கியவர், ரமலான் பகலில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு திருடனைப்போலக் கஞ்சி குடிப்பார். நோன்பு திறக்கிற நேரம் பள்ளிவாசல் பக்கமே போக மாட்டார்.

இது உனக்குத் தெரியும். தெரிந்துதான் டிசம்பரில் பெட்டியோடு வந்தாய். நீ சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது.

“மச்சான், இதுல வெடியுமுன்ன சஹருக்கு ஒரு டம்ளர், நோன்பு தொறக்கையில ஒரு டம்ளர். நாள் பூரா பசிக்காது, நாக்கு வறளாது. கிட்னியக் கழுவிவிட்ட மாதிரி ஆயிரும்.”

“டாக்டரு பழச்சாறே கூடாதுன்னாரேப்பா.”

“எந்தப் பழத்தச் சொன்னாரு? எளநி, வாழப்பழம், சாத்துக்குடி. அம்புட்டுத்தான? இந்த பெர்ரிய அந்த டாக்டரு கண்ணாலகூடப் பாத்திருக்க மாட்டாரு. அமேசான் காட்டுல வெளையுறது மச்சான். நம்ம சந்தையில கூறு கட்டி விக்கிற சாமானா இது?”

மச்சான் சிரித்தார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. டாக்டர் விலக்கிய பழங்களில் அது இல்லை. ஆகவே ஆகும் என்று எடுத்துக்கொண்டோம்.

நோன்பு வைத்தார். பகல் மாத்திரைகளை விட்டார். கால் வீங்கியது. உனக்குப் போன் செய்தேன். “கழிவு வெளியேறுது அக்கா, நல்ல அறிகுறி, இன்னொரு டம்ளர் சேத்துக் குடுங்க” என்றாய். சேர்த்துக் கொடுத்தேன். பெருநாளைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நோன்பு திறக்கும் பாங்கு சொல்லி முடிக்கும் முன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சாய்ந்தார்.

டாக்டர் சொன்னார்: “பழங்கள்ல பொட்டாசியம்னு ஒரு உப்பு இருக்கும்மா. நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிடும். இவருக்குத் தள்ள வழி இல்ல. ரத்தத்துல ஏறி இருதயத்த நிறுத்திடுச்சு. எளநிய ஏன் கூடாதுன்னேன்? இதுக்குத்தான்.”

பாட்டிலில் ஒட்டிய தாளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அத்தா என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்தினார். உன் பள்ளிக்கூடப் புத்தகங்களை வைத்து நானாகப் படித்ததுதான் எனக்குள்ள படிப்பு. அது போதும். சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டுவலி, கல்லடைப்பு, கண் புரை, வழுக்கை எல்லாவற்றுக்கும் நல்லது என்று போட்டிருக்கிறது. (உன் தலையைப் பார்த்த பிறகும் ஜனங்கள் வாங்குகிறார்களே!) நாற்பது சத்து என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எந்தச் சத்து எவ்வளவு என்று ஒரு வரி இல்லை. பொட்டாசியம் என்ற சொல்லே இல்லை.

நீ இன்னும் விற்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நிறுத்து.

உன் அக்கா,
நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
4.3.1998

என் உயிரினும் மேலான அக்காவுக்கு உங்கள் தம்பி சாகுல் ஹமீது எழுதுவது.

வ அலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்துச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அம்மா போன பிறகு என்னை வளர்த்த கை இப்படியும் எழுதுமா?

அக்கா, ஆயுள் முடிந்தால் போகத்தான் வேண்டும். அது அல்லாஹ்வின் நாட்டம். மச்சானுக்கு உடம்பு கெட்டு எத்தனை வருடம்? டாக்டர்கள் ஊசியும் மாத்திரையுமாகக் கொடுத்துக் கெடுத்த உடம்பை ஒரு மாதத்தில் பெர்ரி கெடுத்தது என்கிறீர்கள். நோன்பாளியாக, பாங்கு ஓசை காதில் விழும்போது மௌத்தாகும் பேறு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஜனாஸா அன்று ஹஜ்ரத்தே இதைச் சொல்லிக் கண் கலங்கினாரே.

பழம் கெடுதல் செய்யுமா? இயற்கையானது. பக்கவிளைவு கிடையாது. எனக்கு மேலே உள்ள ஞானதுரை அண்ணாச்சி, என்னை இந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்ட சிவகாசிக்காரர், தினமும் குடிக்கிறார்; ஐம்பது வயதில் இருபது வயசுக்காரன்போல் மாடிப்படி ஏறுகிறார். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிற ஒருவருக்கு இருமல் நின்றிருக்கிறது. இதெல்லாம் பொய்யா?

நான் வராததற்குக் காரணம் மனக்கசப்பு இல்லை. மாஜிதாவுக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. பெரிய டாக்டரிடம் காட்டி இப்போது ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். தினமும் காலையும் மாலையும் நான்தான் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சரியானதும் நிச்சயம் வருவேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கோபப்படாதீர்கள். இரண்டு டம்ளர்தான் நான் சொன்ன அளவு. நீங்கள் எவ்வளவு ஊற்றினீர்களோ, எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
உங்கள் பாசத்துக்குரிய
சா. ஹமீது
(சில்வர் விநியோகஸ்தர்)


இராஜபாளையம்
16.4.1998

தம்பிக்கு, ஸலாம்.

அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிற கம்பெனிப் பட்டத்தை அடுத்த கடிதத்தில் எழுதாதே. நான் உன்னிடம் சாறு வாங்கவில்லை.

எவ்வளவு ஊற்றினேன் என்று கேட்டிருக்கிறாய். முதலில் இரண்டு டம்ளர். கால் வீங்கிய பிறகு மூன்று. மூன்றாவது டம்ளர் போனில் நீ சொன்னது. மறந்துவிட்டதென்றால் பக்கத்து வீட்டில் போன் பக்கத்திலேயே நின்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நடந்ததைக் கேள். திங்கட்கிழமை ஓர் ஆள் வந்து கதவைத் தட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடியே யார் என்று கேட்டேன்.

“நான் வ. புதுப்பட்டி சௌந்தரபாண்டியன், ஆத்தா. முத்து முகம்மது ஐயாவப் பாக்கணும்.”

“என்ன விசயமா?”

“ஒண்ணுமில்ல. எனக்கும் அவிய மாதிரியே கிட்னிதான். இந்தச் சாறக் குடிச்சு நோன்பே வச்சுட்டாவளாமே? நோட்டீசுல போட்டோ போட்டிருக்கு. நேருல ஒரு தடவ பாத்துட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும்னு வந்தேன்.”

கதவிடுக்கு வழியாக அந்த நோட்டீசை நீட்டினார். உன் மகள் கல்யாணத்தில் எடுத்த படம். தொப்பியோடு சிரிக்கிறார். ‘ஆறு ஆண்டுகள் நோன்பு வைக்க இயலாதவர் இன்று முழு நோன்பாளி’ என்று கீழே போட்டிருக்கிறாய். மார்ச் மாதக் கூட்டத்துக்கு அடித்த நோட்டீசு. கபரில் வைத்து ஒரு மாதத்துக்கும் மேல் ஆன மனிதர் மார்ச் மாதம் எந்த நோன்பு வைத்தார் சாகுல்?

நான் சொன்னேன்: “அவிய மௌத்தாயிட்டாவ, தம்பி. செத்துப் போயிட்டாவ. இந்தச் சாறக் குடிச்சுத்தான்.”



“அப்பிடியா,” என்றார். “வேற ஏதும் சீக்கு இருந்துச்சா ஆத்தா?”

அவர் என்னை நம்ப விரும்பவில்லை. அது குரலிலேயே தெரிந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்குப் படியேற வேண்டுமாம். நோய் வந்ததிலிருந்து அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறாராம். நீ ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய்.

உன் வியாபாரம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. நீ யாருடைய நோயையும் விசாரிப்பதில்லை. என்ன ஆசை என்று விசாரிக்கிறாய். உன் மச்சானுக்கு நோன்பு. இவருக்குப் படி.

நோட்டீசுகளைக் கொளுத்து. புதுப்பட்டிக்குப் போய் அந்த மனிதரிடம் உண்மையைச் சொல். நான் சொன்னால் துக்கத்தில் உளறுகிறேன் என்பார்கள். விற்றவன் சொன்னால்தான் நம்புவார்கள்.

நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.5.1998

அக்காவுக்கு,

நோட்டீசு மச்சான் உயிரோடு இருக்கும்போதே அச்சுக்குக் கொடுத்தது. தேதியை மட்டும் அச்சகத்தில் மாற்றிவிட்டார்கள். எடுக்கச் சொல்லி ஞானதுரை அண்ணாச்சியிடம் பேசினேன். “நோன்பு வச்சது உண்மையா இல்லையா? உண்மைன்னா இருக்கட்டும்” என்கிறார். நான் என்ன செய்ய?

சௌந்தரபாண்டியன் எனக்குப் போன் செய்தார். அக்காவுக்கு அதிர்ச்சியில் மனசு சரியில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். வேறு என்ன சொல்வது? குடும்ப மானத்தை நான்தானே காப்பாற்ற வேண்டும்.

அக்கா, நீங்கள் என் நிலைமையை நினைத்துப் பார்த்ததுண்டா? பஜாரில் இருபது வருடம் வளையலும் ரிப்பனும் விற்றேன். ஒரு கல்யாண வீட்டில் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தவன் உண்டா? “ஏலே வளையக்காரா, செத்த தள்ளி உக்காரு” என்றுதான் சொல்வார்கள். போன மாதம் மதுரையில் பெரிய ஹோட்டலில் கூட்டம். கோட்டு மாட்டி மேடையில் ஏற்றினார்கள். என் பெயரைச் சொல்லி அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். டாக்டர் படித்தவர்கள்கூட இருந்தார்கள். உங்களை நினைத்தேன். நீங்கள் அங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதை விடச் சொல்கிறீர்கள். விட்டால் மறுபடியும் நான் வளையக்காரன்.

இத்தா முடியட்டும். நேரில் பேசலாம். அதுவரை வீட்டுக்கு வருகிறவர்களிடம் தயவுசெய்து எதுவும் சொல்லாதீர்கள்.

சாகுல்


இராஜபாளையம்
12.6.1998

சாகுல் ஹமீதுக்கு,

இத்தா முடிந்தது. குளித்து, தொழுது, அடுத்த நாள் காலையில் பஸ் ஏறி உன் வீட்டுக்கு வந்தேன். நீ மதுரைக்குப் போயிருந்தாய். நல்லதாகப் போயிற்று.

மாஜிதா என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டு அழுதாள். காலில் கட்டுப் போட்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். கொப்புளம் ஆறவில்லையாம், இப்போது தேவலையாம். அடுப்படிக்குள் போய் நானே தேநீர் போட்டேன். வாசல் அறையில் கூரை வரை பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறாய். அடுப்படியில் ஒரு பாட்டில்கூட இல்லை.

“ஏட்டி, நீ குடிக்கலையா?” என்றேன்.

“முன்ன குடிச்சேன் மயினி. மாத்திரய எல்லாம் விட்டுட்டு அதத்தான் குடிச்சேன்.”

“பொறவு?”

“ராஜபாளையத்து மச்சான் மௌத்தான அன்னிக்கு, அடக்கிட்டு வந்த கையோட பாட்டில எடுத்து வாசச் சாக்கடையில ஊத்திட்டாவ. காலையில மொத பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாவ. டாக்டரு ரெண்டு வாரம் கழிச்சு வந்திருந்தா காலயே எடுத்திருக்கணும்னாரு. ஏன் மயினி, அவிய உங்ககிட்ட சொல்லலையா?”

சொன்னாய் தம்பி. மார்ச் மாதக் கடிதத்திலேயே மாஜிதாவுக்கு ஊசி போடுகிறோம் என்று எழுதியிருக்கிறாய். நீ வராததற்குச் சொன்ன சாக்கு என்று நினைத்துப் படித்துவிட்டேன். எதற்குத் திடீரென்று ஊசி என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே உனக்கு அன்றைக்கே தெரியும். அல்லாஹ்வின் நாட்டம் என்று எனக்கு எழுதும்போது தெரியும். நோட்டீசை ஊர் ஊராகக் கொடுக்கும்போது தெரியும். சௌந்தரபாண்டியனிடம் எனக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லும்போதும் தெரியும். உன் பெண்டாட்டி குடிக்கக் கூடாது, ஊரான் குடிக்கலாம். மதுரையில் எழுந்து நின்று கை தட்டினார்களே, அவர்களில் ஒருவரிடமாவது சாக்கடையில் ஊற்றிய கதையைச் சொன்னாயா?

அறியாமல் செய்தவன் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்த நினைப்பு போய்விட்டது.

அங்கிருந்து வ. புதுப்பட்டிக்குப் போனேன். சௌந்தரபாண்டியன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் ஊதியிருந்தது. மரியாதையாகத்தான் பேசினார். அவர் மனைவி செல்லக்கனி மட்டும் முகம் கொடுக்கவில்லை.

“நல்லதா ஒரு மனுசன் வழிகாட்டுனா, சொந்த அக்காளே பொறுக்க மாட்டேங்கிய. எங்க வீட்டுல வந்து அபசகுனமாப் பேசாதிய. எழுந்திருங்க,” என்றாள்.

“என் மொகத்தப் பாருத்தா. என் வீட்டுல நடந்ததச் சொல்லுதேன். பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது என்ன?”

“அவரு எல்லாம் சொல்லியிருக்காரு. ஒங்களுக்குப் புருசன் போனதுலருந்து இப்பிடித்தானாம்.”

திருப்பி அனுப்பிவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னதைத்தான் அவள் சொன்னாள்.

இனி எனக்கு நீண்ட பதில் வேண்டாம். புதுப்பட்டிக்கு எந்தத் தேதியில் போய்ச் சொல்வாய் என்று மட்டும் எழுது. மாஜிதாவின் பாட்டிலை என்ன செய்தாய் என்பதையும் அங்கே சேர்த்துச் சொல். அது ஒன்றுதான் அவர்களை நம்ப வைக்கும்.

நூர்பானு


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.7.1998

அக்கா,

மாஜிதாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மறைத்தது தப்புதான். பயமாக இருந்தது. அன்று ஏன் அப்படிக் கொட்டினேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகச் செய்தது. பிறகு யோசித்தபோது, ஒருவேளை பெர்ரி காரணமாக இல்லாமலும் இருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதை நம்பிக்கொண்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுப்பட்டிக்குப் போகிறேன். சொல்லிவிடுகிறேன். சத்தியம்.

சாகுல்


அஞ்சலட்டை
இராஜபாளையம்
2.9.1998

சாகுல் ஹமீதுக்கு. அட்டையில் எழுதுகிறேன். உங்கள் தபால்காரரும் படிக்கட்டும். பஜாரில் யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் அவரும் படிக்கட்டும். புதுப்பட்டிக்குப் போனாயா? விற்ற சாறு நோயாளிக்கு ஆகாது என்று சொன்னாயா? ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதம் போய்விட்டது. ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. நூர்பானு.


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.11.1998

அக்கா,

சௌந்தரபாண்டியன் இறந்துவிட்டார்.

அட்டைக்கு ஏன் பதில் எழுதவில்லை என்று இப்போது எழுதுகிறேன். ஜூலையில் போனது உண்மை. சொன்னபடி ஞாயிற்றுக்கிழமையே போனேன். வாயிற்படியிலேயே செல்லக்கனி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். “வாங்கண்ணே, ஒங்களத்தான் நெனச்சுக்கிட்டே இருந்தோம்” என்றாள். கோழி அடித்திருந்தார்கள். உங்கள் ஆள்தான் அறுத்தார், பயமில்லாமல் சாப்பிடுங்கள் என்று அதையும் சொன்னாள். அதற்காகவே பாய் ஒருவரைத் தேடிப்போய்க் கூட்டிவந்திருக்கிறாள். அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வேன்?

சாப்பிட்டு முடித்து, “அண்ணாச்சி, சாறக் கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க, பாதி டம்ளர் போதும்” என்றேன். “மாத்திரையவும் விட்டுறாதிய” என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

“ஏன்ணே, அது ஆவாதா?” என்று கேட்டாள்.

“சேச்சே. உடம்புல நல்லாப் பிடிச்சிருச்சு, இனிமே பாதியே போதும்” என்றேன்.

அதைக் கேட்டு இரண்டு பேரும் சந்தோஷப்பட்டார்கள், அக்கா. நோய் பாதி குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். நான் புறப்பட்ட பிறகு மாத்திரையைத்தான் பாதியாக்கியிருக்கிறார்கள். சாற்றைக் குறைக்கவில்லை.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை படியேறப் போயிருக்கிறார். பாதியில் உட்கார்ந்துவிட்டாராம். தூக்கிக்கொண்டு இறங்கி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மெஷினில் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். ஒன்றரை மாதம் அங்கும் இங்குமாக இருந்து போன வாரம் முடிந்துவிட்டது.

எடுப்பதற்கு முன் போனேன். கூட்டத்தில் ஒருவர், “சாறு குடுத்தவரு வந்திருக்காரு, நாற்காலி போடுங்கப்பா” என்றார். போட்டார்கள். முன்வரிசையில்.

மாஜிதா என்னோடு பேசுவதில்லை. ஞானதுரைக்குப் போன் செய்தால், நோயாளிகள் வாங்கினால் கம்பெனி பொறுப்பில்லை என்று விநியோகஸ்தர் ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா என்கிறார். அடுத்த மாதம் ரமலான் பிறக்கிறது. மச்சான் நோன்பு வைத்ததைச் சொல்லி விற்றதில் இந்த ரமலானுக்குச் சின்னக்கடை பஜாரிலிருந்தே ஆட்கள் கேட்டு வருகிறார்கள். சர்க்கரைக்காரர்கள், வயதானவர்கள். எல்லாருக்கும் நோன்பு வைக்க ஆசை.

நான் என்ன செய்யட்டும்? நீங்கள் சொன்னால் செய்கிறேன். என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். வெளியாள் யாருக்கும் தெரிய வேண்டாம். எப்படி இருந்தாலும் நான் நம் அம்மாவின் பிள்ளை.

சாகுல்


இராஜபாளையம்
27.11.1998

சாகுல் ஹமீதுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கவில்லை. ஒரு முறையே போதுமாக இருந்தது.

என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

நீ. இந்தக் கடிதம் கிடைத்த நாளே வாசல் அறையில் இருக்கிற பெட்டிகளைத் திறந்து, பாட்டில் பாட்டிலாக, தெருவே பார்க்கும்படி பகலில் கொட்டு. யாராவது ஏன் என்று கேட்டால் பதில் சொல். அடுத்த நாளிலிருந்து, உன்னிடம் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போ. ஆலங்குளத்து இருமல்காரர் வீடு உட்பட. எங்கும் சாப்பிடாதே, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதே. வாயில் வார்த்தை நிற்காமல் வரும். சொல்ல வேண்டியது இது: ‘நான் விற்ற சாற்றைக் குடித்து என் மச்சானும் வ. புதுப்பட்டி சௌந்தரபாண்டியனும் இறந்தார்கள். என் மனைவிக்குக் கொடுக்காமல் நிறுத்திவிட்டு உங்களுக்கு விற்றேன். சிறுநீரகமோ சர்க்கரையோ இருந்தால் இதைத் தொடாதீர்கள். மாத்திரையை விட்டிருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.’ ஒரு சொல்லையும் குறைக்காதே. பாதி டம்ளர் என்பதுபோல் பாதி உண்மை சொல்லாதே. பாதி சொல்லி என்ன ஆயிற்று என்று பார்த்தாய்.

ரமலான் பிறப்பதற்குள் எல்லா வீட்டுக்கும் போய் முடித்திருக்க வேண்டும்.

நான். நுகர்வோர் கோர்ட்டுக்கு மனு எழுதி முடித்துவிட்டேன். கம்பெனி மேலும், ஞானதுரை மேலும், உன் மேலும். உன் பெயரை எடுக்க மாட்டேன். ஊற்றிக் கொடுத்தவள் நான் என்றும் எழுதியிருக்கிறேன். கேட்டால் கூண்டில் ஏறிச் சொல்வேன். மீதி இருந்த பாட்டிலைச் சோதனைக்குக் கொடுக்க டாக்டரிடம் ஒப்படைத்திருக்கிறேன். எந்தச் சத்து எவ்வளவு என்று எண்ணில் வரட்டும். இங்கே எங்கள் பள்ளிவாசல் ஜமாஅத் தலைவருக்குக் கடிதம் கொடுத்தாயிற்று. டாக்டர் கூடாது என்று சொன்னவர் நோன்பு வைக்கத் தேவையில்லை, அதில் வெட்கமும் இல்லை என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் சொல்லச் சொல்லியிருக்கிறேன். முதலில் தயங்கினார். உன் மச்சான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டதைச் சொன்னேன். சரி என்றார்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் நீ சொல்ல வேண்டும். தொழுகை முடிந்து ஆட்கள் எழுந்து போகும் முன் எழுந்து நின்று சொல். கை தட்ட மாட்டார்கள்.

ஞானதுரை. அவர் ஒன்றும் செய்ய மாட்டார். ஆகவே அவர் உனக்குப் போனில் சொன்னதையெல்லாம் நீ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். உனக்கு எதிராகத் திரும்பும். திரும்பட்டும்.

மாஜிதா. ஊசியை ஒரு வேளையும் தவறவிடக் கூடாது. நீ பக்கத்தில் இல்லாவிட்டாலும் அவளே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொள்ள வேண்டும். உன்னோடு பேசுவதும் பேசாததும் அவள் இஷ்டம். என்னிடம் சொல்லிச் சமாதானம் செய்யச் சொல்லாதே.

வெளியாளுக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். வெளியாளுக்குத்தான் தெரிய வேண்டும். வெளியாள்தான் வாங்கிக் குடிக்கிறான்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டாய். மச்சான் விஷயத்தில் அதை மறுமையில் அவரிடமே கேட்டுக்கொள். என்னிடம் இருப்பது கோர்ட்டு மனு மட்டும்தான். அம்மாவின் பிள்ளை என்று எழுதினாய். ஆம். அதனால்தான் போலீஸ்காரனிடம் சொல்ல வேண்டியதை முதலில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

செல்லக்கனி. அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எல்லா வீட்டுக்கும் போவதற்கு முன் அவள் வீட்டுக்குப் போ. நாற்காலி போட்டால் உட்காராதே. ஜூலையில் கோழிச்சோற்றின் முன்னால் நீ விழுங்கிய வார்த்தையை முழுதாகச் சொல். அவள் அழுதால் நிற்க வேண்டும். ஏசினால் நிற்க வேண்டும். விளக்குமாற்றை எடுத்தால் கையைக் குறுக்கே வைக்காதே. அவள் கதவைத் திறக்கவே இல்லை என்றால், வெளியே நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு வா.

நூர்பானு